குரலுக்கு மாலை, குரலுடையாளுக்கு?

கொடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் மலைப்பாதையில் சென்றால் பூம்பாறை. மலைச்சரிவை வெட்டிப் படிப்படியாக அமைத்த வயல்கள். அவற்றிலே பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும். 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளையும் ஊர்களுள் அதுவும் ஒன்று. ஊரிலே குழந்தை வேலப்பர் கோயில். வேலப்பரைக் காண அல்ல, தோழர் ஒருவரைக் காண நாம் அங்குச் சென்றிருந்தோம். சென்ற நாள் திருவிழா நாளாக அமைந்துவிட்டது.

கோயில் வாயிலில் கட்டியிருந்த கூம்பு ஒலிபெருக்கியிலிருந்து கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளின் குரல் எழுந்தது. எதிர்மலையில் மோதி மீண்டு வந்தது. பூண்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்களின் கைகள் ஒரு கணம் ஓய்ந்தன. நாம் இறைவனை ஏற்காதவர்கள்; எனினும் அந்தக் குரலை ஏற்காதவர்கள் அல்லர். தேநீர்க் கடைப் பலகையிலே நம் பக்கத்தில் அமர்ந்திருந்த உழவர் ஒருவரின் கண்கள் கலங்கியிருந்தன. "இந்தம்மா மாதிரி இன்னொருத்தி இனிமே பொறந்துதான் வரணும்யா" என்றார்.

"பிறந்துதான் வந்திருக்கிறாளே, உம்முடைய வீட்டிலேயே!" என்றார் நம் தோழர். அந்த உழவரின் மகள் பள்ளிப் பாட்டுப் போட்டியில் முதற்பரிசு பெற்றவளாம். வெளியூர்ப் போட்டிக்கு அழைத்துச் செல்ல ஆசிரியை கேட்டபோது வீட்டார் மறுத்துவிட்டார்களாம். உழவர் சினக்கவில்லை, உலகறிந்த உண்மையைச் சொல்பவர்போலச் சொன்னார்: "நல்லாத்தான் பாடுவா. அதுக்காக நாலு பேரு பாக்க மேடையேத்தச் சொல்றீங்களா? நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?"

தந்தைக்குச் சோறு கொண்டுவந்த தூக்குச்சட்டியுடன் அந்தப் பெண் அங்கேதான் நின்றிருந்தாள். ஒலிபெருக்கியை நோக்கிக் கைகாட்டி, நம்மிடம் மெல்லக் கேட்டாள்: "ஐயா, அந்தப் பாட்டுக்காரம்மா பாடப் போனப்ப அவங்க வீட்ல யாருமே தடுக்கலையா?"

அன்று நாம் ஏதோ சொன்னோம், அது விடையாகவில்லை. ஒரு குரலைக் கேட்டுக் கண்ணீர் வடிப்பவர், அதே குரல் தம் வீட்டிலே பிறந்தால் வாயைப் பொத்துகிறார். அவர் தீயவர் அல்லர், கல்நெஞ்சரும் அல்லர். அவரை அப்படி எண்ண வைத்தது எது? குரலைப் போற்றிக்கொண்டே குரலுக்குரியவளை இழித்து நோக்குவது அறமாகுமா? இதுவே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி.

தோழர்களே! அந்தப் பெண்ணின் கேள்விக்கு வரலாறு தரும் விடை கசப்பானது. 1908ஆம் ஆண்டில் காவிரிக் கரைக் கொடுமுடியிலே பிறந்த சுந்தராம்பாளைத் தடுக்க வீட்டிலே வசதி இல்லை. அக்குடும்பம் வறுமையில் உழன்றது. புகைவண்டியிலே பாடிப் பொருள் பெற்ற சிறுமி அவர். அங்கே அவர் குரலைக் கேட்டவர்களாலேயே நாடக மேடைக்கு வழி பிறந்தது. பசி அனுப்பியது, பாடப் போனார். பூம்பாறைப் பெண்ணுக்கோ வீட்டிலே சோறு இருக்கிறது. எனவே தடை இருக்கிறது. பசித்தவள் பாடலாம், ஆனால் மதிப்பை எதிர்பார்க்கக் கூடாது. மதிப்புடையவள் மேடையிலே பாடவே கூடாது! பாடுவது ஒரு பெண்ணின் விருப்பமாக மட்டும் இருக்க நம் சமுதாயம் இடம் வைத்ததா? இல்லை. வறுமையின் கட்டாயம் அல்லது குலத்தின் கட்டாயம் என்ற இரு கதவுகளே திறந்திருந்தன.

குலத்தின் கட்டாயம் என்றோம். ஆடலும் பாடலும் பொட்டுக்கட்டப்பட்ட பெண்களின் பொறுப்பு என்று ஒதுக்கி வைத்தது வைதிகம். பிற பெண்களுக்கு இசை வேண்டாம், அந்தப் பெண்களுக்கு இல்லறம் வேண்டாம் என்று பெண்ணினத்தை இரண்டாகப் பிளந்தது. வீட்டுப் பெண்ணுக்கு ஊமைத்தனம் கற்பு எனப்பட்டது. மேடைப் பெண்ணுக்கு இனிய குரலே இழிவின் முத்திரை ஆயிற்று. இருவரையும் ஆட்டுவித்தவன் ஒருவனே. அவனுக்கு மட்டும் இரு வீட்டுக் கதவும் திறந்திருந்தது. அவனை இழித்துச் சொல்ல ஒரு சொல்லும் இருக்கவில்லை.

அந்த நாளைய பாடகியரின் பெயர்களைப் பாருங்கள். கே. பி. சுந்தராம்பாள் என்பதில் 'பி' பாலாம்பாள், அவருடைய தாய். மதுரை எம். எஸ். சுப்புலட்சுமி என்பதில் 'எஸ்' சண்முகவடிவு. அவரும் தாய், வீணைக் கலைஞர். எம். எல். வசந்தகுமாரி என்பதில் 'எல்' லலிதாங்கி. அவரும் தாய், தாமே பாடகி. ஊரார் இந்த எழுத்துகளைக் கண்டு உதட்டைப் பிதுக்கினர். தந்தை பெயர் எங்கே என்றனர். சுப்புலட்சுமியின் பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். பாட்டியிடமிருந்து தாய்க்கும், தாயிடமிருந்து மகளுக்கும் வந்த கலைச் செல்வம் அது. ஆண்வழி வந்த நிலத்துக்குப் பட்டா உண்டு, பெருமை உண்டு. பெண்வழி வந்த கலைக்கு மட்டும் பழியா? எந்த அறநூலின் நீதி இது?

மேடையின் கதையும் இதுதான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையிலே தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை முதலான குழுக்களிலே பெண் வேடத்தையும் சிறுவரே புனைந்தனர். பெண்ணின் துயரத்தைப் பாடப் பெண் வேண்டியதில்லை என்றிருந்த காலம். அந்தக் காலத்துக்கும் முன்பே குடந்தையில் பாலாமணி அம்மாள் பெண்களையே கொண்டு நாடகக் குழு நடத்தினார். அவரது நாடகத்துக்கென்றே புகைவண்டிகள் விடப்பட்டன என்று நாடக வரலாறு எழுதியோர் வியந்து குறிக்கின்றனர். செல்வத்திலே திளைத்த அந்த அம்மையாரின் கடைசி நாள்கள் வறுமையிலே கழிந்தன என்பதையும் அவர்களே குறிக்கின்றனர். வண்டி வண்டியாகச் சென்று கைதட்டியவர்கள் அப்போது எங்கே சென்றனர்? காட்சி முடிந்ததும் கடமை முடிந்தது என்று வீடு திரும்பிவிட்டனர்.

திரை வந்தது. 1931இல் முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' வெளிவந்தபோது அதிலே பாடி நடித்தவர் டி. பி. இராஜலட்சுமி. சிறுமியாக இருந்தபோதே மணம் செய்விக்கப்பட்டு, அவ்வாழ்வு முறிந்தபின் மேடைக்கு வந்தவர். 1936இல் 'மிஸ் கமலா' படத்தைத் தாமே இயக்கினார். குழந்தை மணம் ஒருத்தியின் வாழ்வை முடித்துவிட்டதாக எண்ணியது சாத்திரம். அவரோ தாமே ஒரு வாழ்வைத் தொடங்கிக் காட்டினார். இதைப் பாடநூல்களில் படித்தவர் எத்தனை பேர்?

"பழங்கதை ஏன் பேசுகிறீர்? சுந்தராம்பாளுக்குப் பத்மஸ்ரீ வரவில்லையா? சட்டமன்ற மேலவையிலே இடம் தரவில்லையா? சுப்புலட்சுமிக்குப் பாரத ரத்னா வரவில்லையா? சமுதாயம் மதிப்புத் தரவில்லை என்பது பொய்யல்லவா?" என்று கேட்பார் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். மதிப்புத் தந்தது, உண்மை. என்ன விலைக்குத் தந்தது என்பதே நம் கேள்வி.

சுந்தராம்பாள் 1926இல் இலங்கையில் எஸ். ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார், அடுத்த ஆண்டு மணந்தார். கிட்டப்பாவுக்கு முன்னரே மனைவி இருந்தார். அதனால் கிட்டப்பாவின் பெயருக்கு ஒரு குறையும் வரவில்லை. 1933இல் கிட்டப்பா மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்று உடுத்திய வெள்ளாடையை இறுதிவரை அவர் களையவில்லை. ஆடவரோடு இணையாக நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார். 1935இல் 'நந்தனார்' படத்திலே நடிக்க இலட்ச ரூபாய் ஊதியம் பெற்றார். அந்நாளில் எவரும் வியந்த தொகை. ஆனால் அங்கே அவர் ஏற்ற வேடம் என்ன? ஆணின் வேடம்; அடியாரின் வேடம். 1940இல் மணிமேகலை, துறவி. 1953இல் ஔவையார், இளமையைத் துறந்த கிழவி. 1964இல் 'பூம்புகார்' படத்திலே கவுந்தியடிகள்; மீண்டும் துறவி. 1973இல் காரைக்கால் அம்மையார். உடலையே வேண்டாம் என்றவர்.

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! காதலையும் துயரையும் நகைப்பையும் மேடையிலே பாடிய ஒரு குரல், திரையிலே பெரும்பாலும் துறவியின் வாயிலாகவே ஒலித்தது. அது அவரே விரும்பி ஏற்ற வாழ்வு என்பதை நாம் மறுக்கவில்லை. அவர் விருப்பத்தை இகழவும் நமக்கு உரிமை இல்லை. ஆனால் 25 வயதுப் பெண்ணுக்கு வெள்ளாடை தவிர வேறு எந்த ஆடையிலே இந்தச் சமுதாயம் மதிப்புக் கொடுத்திருக்கும்? அவர் மறுமணம் செய்துகொண்டு, வண்ணச் சேலையுடுத்தி, மேடையேறியிருந்தால், பூம்பாறைக் கோயிலிலே இன்று அவர் குரல் ஒலிக்குமா? ஆண் பாடகர் எவரிடமாவது இந்தக் கட்டணம் கேட்டதுண்டா? இரு மனைவியர் இருந்தும் இசைமேதை என்று ஆணைப் போற்றினோம். பெண்ணைப் போற்ற, அவள் பெண்ணாக இருப்பதையே விட்டுவிட வேண்டியிருந்தது.

நம் பக்கமும் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். 'பூம்புகார்' படத்தின் கதை வசனம் கலைஞர் மு. கருணாநிதியுடையது. தேசியக் கட்சியைச் சார்ந்த, முருகனைப் பாடிய அந்த அம்மையாரை நம் இயக்கத்து எழுத்தாளர் தம் படத்திலே அமர்த்தினார். அவரும் வந்து நடித்தார். கொள்கை வேறானாலும் கலையை மதித்த பண்பு அது, பாராட்டுவோம். எனினும் நாமும் அவருக்கு அளித்தது துறவாடையைத்தான் என்பதை மறவாதிருப்போம்.

சுப்புலட்சுமியின் கதை வேறு வண்ணத்தில் அதே கதை. 1938இல் 'சேவாசதனம்', 1940இல் 'சகுந்தலை', 1941இல் 'சாவித்திரி'யிலே நாரதராக ஆண் வேடம், 1945இல் 'மீரா'. அதோடு திரையை விட்டார். மீரா என்ற அடியாராகவே நாடு அவரை நினைவிலே நிறுத்தியது. சென்னை மியூசிக் அகாதெமி தோன்றியது 1928இல். அதன் சங்கீத கலாநிதி விருது முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு, சுப்புலட்சுமிக்கு, வழங்கப்பட்டது 1968இல். நாற்பது ஆண்டுகள்! ஐக்கிய நாடுகள் அவையிலே 1966இல் அவர் பாடிய பிறகும் ஈராண்டு கழிந்தது. வீணை தனம்மாளின் வீட்டு வாயிலிலே காத்துக் கிடந்து கேட்டவர்கள் பெரிய பெரிய வித்துவான்கள். 1938இல் மறைந்த அவரோ அந்த விருதைக் காணவே இல்லை. செவிக்கு உடனே எட்டிய உண்மை, சபைக்கு எட்ட நாற்பது ஆண்டுகளா?

பெங்களூர் நாகரத்தினம்மாள் இவர்கள் எல்லோருக்கும் முன்னவர், 1878இல் பிறந்தவர். திருவையாற்றிலே தியாகராசர் நினைவிடம் பாழ்பட்டுக் கிடந்தது கண்டு, தம் பொருளைக் கொண்டு அதைக் கட்டி எழுப்பினார். ஆனால் அங்கே நடந்த விழாவிலே பெண்கள் பாட இடமில்லை. கட்டடத்துக்குப் பெண்ணின் காசு ஆகும்; விழாவுக்குப் பெண்ணின் குரல் ஆகாது! அவர் அழுதுகொண்டு போய்விடவில்லை. பெண்களைத் திரட்டித் தனி விழா நடத்தினார். 1940ஐ ஒட்டிப் பிரிவுகள் ஒன்றாயின, பெண்களும் பாடினர். கெஞ்சிப் பெற்றதன்று அது. செய்து காட்டிப் பெற்றது.

அவரே 1910இல், தஞ்சை மராட்டிய அரசவையில் வாழ்ந்த முத்துப்பழனி என்ற பெண் புலவர் தெலுங்கிலே இயற்றிய 'ராதிகா சாந்துவனம்' நூலை அச்சிட்டார். காமம் மிகுந்தது என்று சொல்லி ஆங்கில அரசு அதைத் தடை செய்தது. 1947இல்தான் தடை நீங்கியது. அந்நூலைப் பழித்தவருள் ஒருவர் யார் தெரியுமா? கைம்பெண் மறுமணத்துக்காக வாழ்நாளெல்லாம் போராடிய கந்துகூரி வீரேசலிங்கம். எழுதியவள் இழிந்தவள், பெண் வாயிலிருந்து வரத்தகாதவை இவை என்ற கருத்தில் அவர் எழுதினார். ஆண் புலவர்கள் அதே பொருளைப் பாடியிருந்தனரே, அதற்கு என்ன விடை என்று நாகரத்தினம்மாள் திருப்பிக் கேட்டார். ஒரு பெண்ணைச் சுட்டெரிக்கும் வழக்கங்களை எதிர்த்த சீர்திருத்தவாதியும், இன்னொரு பெண்ணின் பாட்டைக் கேட்கச் செவியற்றுப் போனார். சீர்திருத்தம் பேசுகிற நமக்கு இது பாடமாக வேண்டும்.

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும். "பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் கேட்டவர்கள் நீங்கள்தானே? அந்தக் குலத்தின் கலையையும் சேர்த்து ஒழித்துவிட்டு இப்போது பாடகியருக்காகக் கண்ணீர் வடிப்பதா?" என்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்ட மேலவையிலே வாதாடினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்த வாழ்வின் கொடுமையைத் தாமே கண்டவர். ஊர் ஊராகச் சென்று பேசினார். 1936இல் 'தாசிகள் மோசவலை' என்ற நாவலை வெளியிட்டார். 1947இல் சட்டம் நிறைவேறியது. அதற்காக நாம் நாணவில்லை, பெருமைப்படுகிறோம். கடவுள் பெயரால் ஒரு சிறுமியை விற்பது கலை அன்று. விலங்கை உடைத்தவர்மேல் விலங்கின் அழகைக் கெடுத்தார் என்று பழி சொல்வது அறிவும் அன்று.

ஆயினும் பகுத்தறிவு என்பது நமக்கு உவப்பானதை மட்டும் ஆராய்வதில்லை. சட்டம் விலங்கை உடைத்தது, இழிவை உடைக்கவில்லை. ஆடலும் பாடலும் 'நல்ல குடும்பத்து' மேடைகளுக்குக் குடிபெயர்ந்தன, பெயர் மாறின, சபை ஏறின. அவற்றைக் காலங்காலமாகக் காத்த பெண்களோ தங்கள் பாட்டியின் பெயரைச் சொல்லவும் அஞ்சி வாழ்ந்தனர். சொத்தைப் பிறர் எடுத்துக்கொள்ள, பழியை மட்டும் அவர்கள் வைத்துக்கொண்டனர். இழிவைப் புகுத்தியவனிடமே இழிவைத் திருப்பிக் கொடுக்கும் பணி பாதியிலே நின்றுவிட்டது. அந்தப் பாதி இன்னும் நம் தோளிலே இருக்கிறது.

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ண வேண்டாம். இந்தியாவிலே இசைத்தட்டுத் தொழில் வேரூன்றியதே 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் போன்ற, ஊரார் ஒதுக்கிய பெண்களின் குரலை வைத்துத்தான். தட்டு வீட்டின் நடுக்கூடத்தில் சுழலலாம்; பாடியவள் திண்ணையிலும் அமரக் கூடாது! அமெரிக்காவிலே மரியன் ஆண்டர்சன் என்ற கருப்பினப் பாடகிக்கு 1939இல் தலைநகரின் பெரிய அரங்கம் மறுக்கப்பட்டது. அவர் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று பாடினார். 75,000 பேர் கூடிக் கேட்டனர். அங்கே தோல் தடை. இங்கே குலமும் பெண்மையும் தடை. உழைப்பின் பயனை எடுத்துக்கொண்டு உழைத்தவரை ஒதுக்குவதே இரண்டிலும் உள்ள நெறி. விளைந்த நெல் வேண்டும், விளைவித்தவன் தெருவுக்குள் வரக்கூடாது என்ற அதே நெறி. இசையிலே அது இனிமையாக ஒலிப்பதால் நமக்குத் தெரிவதில்லை.

"கலை வேறு, கலைஞர் வேறு; நாங்கள் கலையை மதிக்கிறோம்" என்று சிலர் நுட்பம் பேசுவார்கள். பாடல் காகிதத்திலே இருக்கலாம். குரல் எங்கே இருக்கிறது? தொண்டையிலே, மூச்சிலே, அந்தப் பெண்ணின் உடலிலே இருக்கிறது. அந்த உடலை இழிந்தது என்று சொல்லிவிட்டு, அதிலிருந்து வந்த ஒலியை மட்டும் உயர்ந்தது என்பது சுவைஞரின் நுட்பம் அன்று, சுரண்டுவோரின் தந்திரம்.

"மேடை ஏறினால் பெண் கெடுவாள்" என்பது அடுத்த வாதம். மேடை மரப்பலகையால் ஆனது. அது எவரையும் கெடுத்ததில்லை. கெடுத்தவன் மேடைக்கு எதிரே முதல் வரிசையிலே அமர்ந்திருந்தான். கற்பு என்று ஒன்று வேண்டுமானால் அது இரு பாலுக்கும் பொதுவாகட்டும் என்று பெரியார் உரைத்தாரே, அந்த அளவுகோலை முதல் வரிசைக்கும் எடுத்துச் செல்ல வேண்டாமா?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு பெண்ணுரிமைக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தோம். இளம் தோழியர் ஒருவர் தொடக்கப் பாடல் பாடினார். மன்றம் நிறைந்து கைதட்டியது. துண்டறிக்கையிலே பதினோரு பேச்சாளரின் பெயர்கள் இருந்தன. அவர் பெயர் இல்லை. பேச்சாளர்க்குப் பயணச் செலவு கொடுத்தோம். அவருக்குத் துண்டு ஒன்று போர்த்தினோம். பாடி முடித்ததும் அமர நாற்காலி இல்லாமல் மேடையோரம் நின்றார். அந்தத் துண்டறிக்கையை எழுதி அச்சகத்துக்குக் கொடுத்தவர் நாமே. குரலுக்கு மாலை, குரலுடையாளுக்கு ஒன்றுமில்லை என்ற வைதிகம் நம் கையெழுத்திலேயே அச்சேறியது. பூம்பாறை உழவரைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி?

ஆகவே பெரிய முழக்கங்களை விட்டுச் சிறிய செயல்களிலிருந்து தொடங்குவோம். நம் மேடையிலே பாடும் பெண்ணின் பெயர் அழைப்பிதழிலே இருக்கட்டும். அவர் உழைப்புக்கு ஊதியம் இருக்கட்டும். 'வாய்ப்புக் கொடுத்தோம்' என்ற பேச்சு வேண்டாம். பாடியவரைப் பேசவும் அழைப்போம். அவருக்குக் கருத்தும் உண்டு. நம் வீட்டுப் பெண் பாட விரும்பினால், அவளைத் தெய்வப் பிறவி என்று சொல்லாமலே, பாடத் தெரிந்த மனிதப் பிறவி என்பதற்காகவே அனுப்புவோம். மணப்பெண் தேடும் இளைஞர்கள் நம் வாசகரிடையே உண்டு. "எவன் வந்து பெண் கேட்பான்?" என்ற அந்தத் தந்தையின் அச்சம் உங்களைப் பற்றியது, தோழர்களே! அதை நீக்கும் ஆற்றல் சட்டத்தைவிட உங்களிடமே மிகுதியாக இருக்கிறது.

1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டிலே பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு வேண்டும் என்று தீர்மானித்தோம். தமிழ்நாட்டிலே சட்டமாக 1989 ஆயிற்று. அறுபது ஆண்டுகள் பொறுத்தோம். ஒரு சிறுமியின் குரல் அறுபது ஆண்டுகள் பொறுத்திராது.

நாம் மலையிறங்கிய மாலையிலும் ஒலிபெருக்கி ஓயவில்லை. 1980இல் மறைந்த அந்த அம்மையாரின் குரலைத் தடுக்க அங்கே எவரும் இல்லை. படிவயல்களுக்கிடையே வீடு நோக்கிச் சென்ற அந்தப் பெண், உடன் சேர்ந்து மெல்லப் பாடிக்கொண்டே போனதாகத் தோழர் பிறகு சொன்னார். மேடையிலே அவள் பாட வேண்டுமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். முடிவு செய்யும் உரிமையை அவளிடம் சேர்ப்பது நம் கடமை. அது நிறைவேறாதவரை, இறந்தவர் குரலுக்கு நாம் சூட்டும் மாலைகள் எல்லாம் உயிருள்ளவள் வாயைக் கட்டும் கயிறுகளே.